கடைசி வருகை போதுமா, எல்லா வருகையும் வேண்டுமா: மருத்துவ ஆய்வுத் தரவுக்கு எந்த மாதிரி?

சாதாரணமான ஒரு மருந்து ஆய்வை எடுத்துக்கொள்வோம். நோயாளிகளை ரேண்டமைஸ் செய்து, அதாவது குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குப் புதிய மருந்தும் இன்னொன்றுக்குப் பிளாசிபோவும் (மருந்தில்லாத போலி மாத்திரை) கொடுக்கிறோம். தொடக்கத்தில் ஒரு முறை, பிறகு 4, 8, 12, 24-ஆம் வாரங்களில் அதே அளவை எடுக்கிறோம். அது இரத்த அழுத்தமாக இருக்கலாம், வலி மதிப்பெண்ணாக இருக்கலாம். 24-ஆம் வாரம் வரும்போது சிலர் இல்லை. பக்கவிளைவு தாங்காமல் போனவர், குணமாகிவிட்டது என்று நின்றுகொண்டவர், காரணமே சொல்லாமல் வராமல் போனவர் என்று பலர். இந்தத் தரவை எப்படிப் பகுப்பது?

'மிக்ஸட் மாடல் போட்டுவிடு' என்பதுதான் இப்போது சட்டென்று வரும் பதில்; ஒரே நோயாளியின் பல அளவுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதைக் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் மாதிரி (மாடல்) அது. பாதி சரி. அந்தப் பெயருக்குக் கீழே வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வெவ்வேறு மாதிரிகள் இருக்கின்றன. எது என்று கேட்காமல் போட்டால் மென்பொருள் ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கத்தான் செய்யும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொடர் எண்ணாக வரும் அளவு, எல்லாருக்கும் ஒரே வருகை அட்டவணை என்றால் எம்எம்ஆர்எம் (மிக்ஸட் மாடல் ஃபார் ரிப்பீட்டட் மெஷர்ஸ்) எனப்படும், எல்லா வருகை அளவுகளையும் சேர்த்துப் பார்க்கும் மாதிரியிலிருந்து தொடங்குங்கள். அதை விட்டு விலகக் காரணம் வேண்டும். அந்தக் காரணங்கள் எவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒதுக்க வேண்டியவை

விலகியவரின் கடைசி அளவை அப்படியே 24-ஆம் வாரத்துக்கு இழுத்துவந்து நிரப்பும் முறை எல்ஓசிஎஃப். பல ஆண்டுகள் இதுவே வழக்கம். 'மருந்துக்குச் சாதகமில்லாமல் பாதுகாப்பாகக் கணக்கிடுகிறோம்' என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும்.

நாளாக நாளாக மோசமாகும் ஒரு நோய். ஆறு மாதத்துக்கு 2 புள்ளி வீதம் எல்லாருக்கும் சரிவு. 18 மாதத்தில் 6 புள்ளி. மருந்துக்குத் துளியும் பலன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பிளாசிபோ குழுவில் யாரும் விலகவில்லை. மருந்துக் குழுவில் 30% பேர் பக்கவிளைவால் 6-ஆம் மாத அளவோடு விலகிவிடுகிறார்கள். எல்ஓசிஎஃப் அவர்களுக்கு 2 புள்ளிச் சரிவுதான் எழுதும். அந்தக் குழுவின் சராசரி: 0.7 × 6 + 0.3 × 2 = 4.8. பிளாசிபோ 6. பலனே இல்லாத மருந்து 1.2 புள்ளியைக் 'காப்பாற்றிவிட்டது'. எவ்வளவு பேரை விரட்டுகிறதோ அவ்வளவு நல்ல மருந்தாகத் தெரியும். மனச்சோர்வு போல நாளாக நாளாக இரு குழுவும் தேறிவரும் நோயானால் பிழை எதிர்ப்பக்கம் சாயும். ஆக, எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது நோயின் போக்கும் யார் எப்போது விலகினார்கள் என்பதும்தான். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் 2010 அறிக்கை, அனுமானத்துக்கு அறிவியல் நியாயம் இல்லாமல் இந்த வகை ஒற்றை நிரப்பலை முதன்மைப் பகுப்பாய்வாக வைக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் இதைத் தேர்வு செய்பவர் ஏன் என்று எழுதிக் காட்ட வேண்டியிருக்கும்.

பழைய பாணி ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவாவைப் (ஒரே ஆளிடம் பலமுறை எடுத்த அளவுகளின் சராசரிகளை ஒப்பிடும் முறை) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வருகை விடுபட்டாலும் அந்த நோயாளியை முழுதாகத் தூக்கி எறிகிறது. எந்த இரண்டு வருகைகளை எடுத்தாலும் அவற்றின் வித்தியாசத்தின் மாறுபாடு (அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. 1959-இல் வந்த கிரீன்ஹவுஸ்–கெய்சர் திருத்தம் இரண்டாவதைச் சரிக்கட்டும், முதலாவதை அல்ல.

ஆன்கோவா: குறைத்து மதிப்பிடப்படும் போட்டியாளர்

24-ஆம் வார அளவை மட்டும் எடுத்து, தொடக்க அளவைக் கோவேரியேட்டாக, அதாவது சரிக்கட்ட வேண்டிய துணை மாறியாக, வைத்து இரு குழுவையும் ஒப்பிடுவது ஆன்கோவா. எளிது, யாருக்கும் விளக்கலாம், மாதிரி பொருந்தாமல் (கணினி விடை காணாமல்) நின்றுபோகும் பேச்சே இல்லை.

தொடக்க அளவை என்ன செய்கிறோம் என்பது பலர் நினைப்பதைவிடப் பெரிய முடிவு. தொடக்க, இறுதி அளவுகளுக்கு இடையே ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு) 0.6, இரண்டின் மாறுபாடும் சமம் என்றால், இறுதி அளவை மட்டும் ஒப்பிடுவதன் மாறுபாட்டை (குறைந்தால் துல்லியம் கூடும்) 1 என்று வைத்தால், 'மாற்றம்' என்ற கழித்தலை ஒப்பிடுவதற்கு 0.8, ஆன்கோவாவுக்கு 0.64. ஒட்டுறவு 0.4 ஆகக் குறைந்தால் கழித்தல் 1.2-க்கு ஏறிவிடும், தொடக்க அளவைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆன்கோவாவோ 0.84-இல் நிற்கும். இது மிக்ஸட் மாடலுக்கும் பொருந்தும்: தொடக்க அளவைச் சேர்க்காத நேர்த்தியான மாதிரியைவிட அதைச் சேர்த்த எளிய மாதிரி பல நேரம் மேல்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. யாருமே விலகாத ஆய்வில், எம்எம்ஆர்எம்-இல் எல்லாக் கோவேரியேட்டையும் வருகையோடு பெருக்கிவைத்தால், 24-ஆம் வாரத்துக்கு அது தரும் மதிப்பீடும் ஆன்கோவா தரும் மதிப்பீடும் ஒன்றே. இடைப்பட்ட வருகைகள் எதையும் கூட்டவில்லை. விலகல் 2 அல்லது 3% என்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஆய்வுக்கு, கேட்பதும் கடைசி வருகையை மட்டும் என்றால், ஆன்கோவாவோடு நிற்பதில் ஒரு குறையும் இல்லை.

விலகல் கூடும்போதுதான் பாதை பிரிகிறது. வந்தவர்களை மட்டும் வைத்து ஆன்கோவா போட்டால், விலகியது தொடக்க அளவையும் குழுவையும் மட்டும் பொறுத்தது என்று நம்புகிறோம். 8-ஆம் வாரத்தில் அளவு மோசமானதைப் பார்த்துவிட்டு ஒருவர் விலகியிருந்தால் அந்த நம்பிக்கை உடைகிறது. எம்எம்ஆர்எம் அந்த 8-ஆம் வார அளவைப் பயன்படுத்துகிறது. டொனால்ட் ரூபின் 1976-இல் வகுத்த பாகுபாட்டில் இதுவே 'தற்செயல் விடுபடல்': விடுபடுவது ஏற்கெனவே பதிவான அளவுகளைப் பொறுத்து இருக்கலாம், பதிவாகாதவற்றைப் பொறுத்து அல்ல. பெயரைப் பார்த்து 'எல்லாரும் காரணமின்றி விலகினார்கள்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேலே போட்ட கணக்குக்குத் திரும்பினால், விலகிய 30% பேரும் 6-ஆம் மாதத்தில் மற்றவர்களைப் போலவே 2 புள்ளி சரிந்திருந்தார்கள். தொடர்ந்தவர்கள் அங்கிருந்து 6-க்குப் போனதைப் பார்த்து, இவர்களுக்கும் 6 என்றுதான் எம்எம்ஆர்எம் எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் பூஜ்ஜியம். உண்மையும் அதுதான்.

எம்எம்ஆர்எம்-ஆ, ரேண்டம் ஸ்லோப்-ஆ?

அதிகக் குழப்பம் இங்கேதான். நன் லேர்டும் ஜேம்ஸ் வேரும் 1982-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மருத்துவத் தரவில் பரவிய ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரி, ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு தொடக்க மட்டமும் (இன்டர்செப்ட்) தனியாக ஒரு சரிவும் (ஸ்லோப்) கொடுக்கிறது. காலம் ஓர் எண்; போக்கு ஒரு கோடு. எம்எம்ஆர்எம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறது. வருகையை வகையாகப் பார்க்கிறது, ஒவ்வொரு வருகைக்கும் தனிச் சராசரி, குழுவுக்கும் வருகைக்கும் ஊடாட்டம் (குழுக்களின் வித்தியாசம் வருகைக்கு வருகை மாறலாம் என்பது). ஒரே நோயாளியின் அளவுகளுக்கு இடையிலான தொடர்பை நபர்வாரியான ரேண்டம் எஃபெக்ட்டாக எழுதாமல், கோவேரியன்ஸ் அணியாக (வருகைகளின் மாறுபாடுகளும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளும் கொண்ட அட்டவணை) நேராகவே மதிப்பிடுகிறது. அந்த அணிக்குப் பொதுவாக எந்த வடிவமும் திணிப்பதில்லை.

எதை எடுப்பது? கேள்வியைப் பாருங்கள். '24-ஆம் வாரத்தில் எவ்வளவு வித்தியாசம்?' என்றால் எம்எம்ஆர்எம். 'ஆண்டுக்கு எவ்வளவு வேகத்தில் குறைகிறது?' என்றால் ஸ்லோப். சிறுநீரக நோயில் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) சரிவு இரண்டாம் வகைக்குப் பொருத்தமான உதாரணம்: ஆண்டுக்கணக்கில் அளவுகள், ஆளுக்கொரு இடைவெளி, கேள்வியும் வேகத்தைப் பற்றியது.

ஆனால் அந்த உதாரணத்திலேயே ஒரு பள்ளமும் இருக்கிறது. எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்துகள் (நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்கும் தரப்படுபவை) தொடங்கிய முதல் சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர்-ஐச் சற்று இறக்கிவிட்டு, பிறகு சரிவைத் தணிக்கின்றன. இதற்கு ஒரே நேர்கோடு போட்டால் ஆரம்ப இறக்கமும் பிந்தைய நன்மையும் கலந்து, இரண்டும் இல்லாத ஓர் எண் வரும். அதனால்தான் இத்துறையில் கோட்டை ஓரிடத்தில் முறித்து, ஆரம்பச் சரிவு, நீண்டகாலச் சரிவு, மொத்தச் சரிவு என்று பிரித்துப் பேசுகிறார்கள். மருந்து முதல் எட்டு வாரத்தில் வேலை செய்துவிட்டு அப்படியே நிற்கும் நோய்களிலும் இதே கதைதான். போக்கு நேர்கோடு என்று மருத்துவரே சொல்லத் தயங்கினால் ஸ்லோப் மாதிரியைத் தொடாதீர்கள்.

இன்னொரு பொறி: ரேண்டம் இன்டர்செப்ட் மட்டும் வைத்துவிட்டு 'மிக்ஸட் மாடல் போட்டாயிற்று' என்று நிறுத்துவது. அதற்குப் பொருள், 4-ஆம் வாரத்துக்கும் 24-ஆம் வாரத்துக்கும் உள்ள ஒட்டுறவும், 12-க்கும் 24-க்கும் உள்ள ஒட்டுறவும் ஒன்றே என்பது. நோயாளிகள் உண்மையில் வெவ்வேறு வேகத்தில் போனால், இந்த மாதிரியில் 'காலம் × மருந்து' விளைவின் திட்டப்பிழை (மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு) தவறாகக் குறைந்து வரும், பி-மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) அநியாயத்துக்கு அழகாக இருக்கும். ஆர் என்ற புள்ளியியல் மொழியில் எல்எம்இ4 தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். அந்தத் தொகுப்பு எச்சங்களுக்கு (மாதிரி விளக்காமல் விட்ட மிச்சங்கள்) இடையே தொடர்பு அமைக்க நேரடி வழி தருவதில்லை. சாஸ் மென்பொருளில் ப்ராக் மிக்ஸட் கட்டளை செய்வதை ஆர் மொழியில் செய்ய என்எல்எம்இ தொகுப்பின் ஜிஎல்எஸ் கட்டளை இருந்தது. 2022-இல் இதற்கென்றே எம்எம்ஆர்எம் என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு வந்துவிட்டதால், இனி சுற்றி வளைக்கத் தேவையில்லை.

எம்எம்ஆர்எம்-க்கு விலையே இல்லையா? உண்டு. வடிவமற்ற கோவேரியன்ஸ் அணிக்கு 4 வருகை என்றால் 10 அளவுருக்கள், 6 என்றால் 21, 10 என்றால் 55. ஒரு குழுவுக்கு 25 பேர் இருக்கும் ஆய்வில் 10 வருகைக்கு இதைப் போட்டால் மாதிரி பொருந்தாமல் நிற்க வாய்ப்பு அதிகம். வருகைகள் அட்டவணையிலிருந்து விலகி, 12-ஆம் வாரத்துக்கு வர வேண்டியவர் 15-இல் வந்தால், அவரைப் 12-ஆம் வாரப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடுவழி உண்டு: உண்மையான நாளைக் காலமாக வைத்து, போக்கை வளைகோடாக விடும் ஸ்ப்லைன் மாதிரி. அல்சைமர் மருந்துகள் இரண்டை ஒப்பிட்டால் இது தெளிவாகும். லெக்கனமேப் மருந்தின் கிளாரிட்டி ஏடி ஆய்வு (1,795 பேர்) 18 மாத சிடிஆர்-எஸ்பி (மறதிநோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண்) மாற்றத்தை எம்எம்ஆர்எம்-ஆல் ஒப்பிட்டு, 0.45 புள்ளி வித்தியாசம் என்றது. டொனனமேப் மருந்தின் ட்ரெயில்பிளேசர்-ஏஎல்இசட் 2 ஆய்வு தன் முதன்மை அளவுக்கு ஸ்ப்லைன் வளைவை எடுத்தது. ஒரே நோய், ஒரே வகை மருந்து, ஏறத்தாழ ஒரே காலம்; காலத்தை எப்படிப் பார்ப்பது என்பதில் வேறு முடிவு. இரண்டையும் நியாயப்படுத்த முடியும். ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேராக வைத்து 'எது பெரிது' என்று கேட்பதைத்தான் நியாயப்படுத்த முடியாது.

ஆம்/இல்லை என்று வரும் அளவுகள்

தொடர் எண்களில் நபர் அளவிலான விளைவும் குழுச் சராசரியின் விளைவும் ஒன்றே. ஆம்/இல்லை அளவுகளுக்கான லாஜிஸ்டிக் மாதிரிகள் பக்கம் வந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. ரேண்டம் இன்டர்செப்ட் வைத்த லாஜிஸ்டிக் மாதிரி சொல்வது, ஒரே நோயாளி மருந்தோடும் மருந்தின்றியும் இருந்தால் ஆட்ஸ் (நடக்கும் வாய்ப்புக்கும் நடக்காத வாய்ப்புக்கும் உள்ள விகிதம்) எவ்வளவு மாறும் என்பதை. லியாங்கும் ஸீகரும் 1986-இல் கொடுத்த ஜிஇஇ (ஜெனரலைஸ்டு எஸ்டிமேட்டிங் ஈக்வேஷன்ஸ்) முறை சொல்வது மொத்தக் கூட்டத்தின் சராசரி மாற்றத்தை. நோயாளிகளுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாக, லாகிட் (ஆட்ஸின் மடக்கை) அளவில் திட்ட விலக்கம் 2 என்றால், நபர் அளவில் 2.7 ஆன ஆட்ஸ் ரேஷியோ, கூட்ட அளவில் சுமார் 1.9. இரண்டும் சரி. ஒன்றைத் திட்டத்தில் எழுதிவிட்டு மற்றொன்றைக் கட்டுரையில் போடுவதுதான் தவறு.

மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் சிகிச்சை வழிகாட்டிக் குழுவுக்கும் பெரும்பாலும் வேண்டியது கூட்ட அளவிலான எண். அதனால் ஜிஇஇ பக்கம் சாய்வதுதான் என் வழக்கம். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. விலகல் முந்தைய அளவுகளைப் பொறுத்திருந்தால் எடை சேர்க்காத ஜிஇஇ பிழைபடும். மிக்ஸட் மாடல் தாங்கும். இன்னொன்று, அதன் சாண்ட்விச் திட்டப்பிழை (தொடர்பு பற்றிய அனுமானம் தவறினாலும் தாங்கும் வகை) தொகுதிகள் (தொடர்புள்ள அளவுகளின் கூட்டங்கள்; ஒரு நோயாளி, ஒரு கிராமம் போல) குறைவாக இருக்கும்போது உண்மையைவிடச் சிறிதாக வரும். 40 தொகுதிக்குக் கீழே என்றால் திருத்தம் இல்லாமல் நம்பக் கூடாது என்பது நடைமுறை விதி. கிராமம் கிராமமாக, பள்ளி பள்ளியாக ரேண்டமைஸ் செய்யும் ஆய்வுகள் இதில் அடிக்கடி மாட்டும். அங்கே தொகுதியைப் புறக்கணிப்பதோ அதைவிட மோசம்: தொகுதிக்கு 20 பேர், உள்தொடர்பு (ஒரே தொகுதியினர் ஒருவரை ஒருவர் ஒத்திருக்கும் அளவு) வெறும் 0.05 என்றாலும் மாறுபாடு 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு, கிட்டத்தட்டப் பாதி ஆட்கள் காணாமல் போனதற்குச் சமம்.

மருந்தை நிறுத்தியவர்: எந்த மாதிரியும் தானாகத் தீர்க்காத கேள்வி

மருந்து ஒழுங்குமுறைகளைப் பல நாடுகளுக்கும் ஒத்திசைக்கும் ஐசிஹெச் அமைப்பின் புள்ளியியல் வழிகாட்டிக்கான இ9(ஆர்1) சேர்க்கை 2019-இல் முடிவானபோது, மாதிரியைத் தேர்வதற்கு முன்பு எஸ்டிமாண்டைச் (எதை மதிப்பிடப் போகிறோம் என்பதைச்) சொல் என்றது. அதாவது, மருந்தை நடுவில் நிறுத்தியவரை எப்படிப் பார்க்கப் போகிறோம்? 'நிறுத்தினாலும் பிறகு நடந்தது எல்லாம் கணக்கில் வரும்' என்பது ஒன்று. 'நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்பது மற்றொன்று. 'நிறுத்தியதே தோல்வி' என்பதும் உண்டு.

எம்எம்ஆர்எம் இயல்பாகப் பதில் சொல்வது இரண்டாவதற்கு. விலகியவரை அதே குழுவில், அதுவரை அவரைப் போலவே இருந்து, தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்டவரின் வழியில் அது அனுப்பிவைக்கிறது. அறிகுறி நிவாரணி மருந்தை 8-ஆம் வாரத்தில் நிறுத்தியவருக்கு 24-ஆம் வாரத்திலும் பலன் தொடரும் என்பது கனிவான கற்பனை. கேள்வி முதல் வகை என்றால், நிறுத்திய பிறகும் நோயாளியை வரவழைத்து அளவெடுப்பதுதான் முதல் தீர்வு; அதற்கு ஈடான மாதிரி கிடையாது. அப்படியும் விடுபட்டவற்றுக்குப் பலமுறை நிரப்பல் (விடுபட்ட இடத்தில் சாத்தியமான மதிப்புகளை மாற்றி மாற்றி வைத்துப் பலமுறை கணக்கிடுவது) கைகொடுக்கும். நிறுத்திய பிறகும் வந்தவர்களைப் பார்த்து, நிறுத்திவிட்டு வராதவர்களை நிரப்பலாம். ஆனால் அப்படி வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான் என்றால் முடிவின் நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு) பயங்கரமாக விரியும். அல்லது கார்ப்பென்டர், ரோஜர், கென்வர்ட் 2013-இல் முறைப்படுத்தியபடி, நிறுத்தியவர் அன்றிலிருந்து பிளாசிபோக் குழுவைப் போல நடந்துகொள்வார் என்று வைத்து நிரப்பலாம். இதில் ரூபின் விதிப்படி (பல நிரப்பல்களின் முடிவுகளைச் சேர்க்கும் விதி) வரும் மாறுபாடு, அதே ஆய்வைத் திரும்பத் திரும்ப நடத்தினால் வரும் மாறுபாட்டைவிடப் பெரிது. எது சரியான மாறுபாடு என்பதில் புள்ளியியலாளர்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லை.

'தற்செயல் விடுபடல்' என்ற அதே அனுமானம், அதே மாறிகள் என்றால், பலமுறை நிரப்பி ஆன்கோவா போடுவதும் எம்எம்ஆர்எம் போடுவதும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தரும். அந்தச் சூழலில் நிரப்பலுக்கு மெனக்கெடுவது வீண்.

இறப்பு வேறு விஷயம். இறந்தவரின் 24-ஆம் வார மதிப்பெண் விடுபட்ட தரவு அல்ல. அப்படி ஒன்று கிடையாது. இறப்பு கணிசமாக இருக்கும் நோயில் எம்எம்ஆர்எம் போட்டால், இறந்தவர்களுக்கும் மதிப்பெண் கற்பித்துவிடும். அங்கே இறப்பையும் சேர்த்துத் தரவரிசைப்படுத்தும் கூட்டு அளவோ, உயிர்வாழ்வையும் அளவையும் இணைத்துப் பார்க்கும் ஜாயின்ட் மாடலோதான் பேச்சு.

மையங்களும் கிராஸ்ஓவரும்

பல மையங்களில் நடக்கும் ஆய்வில் மையத்தை நிலையான விளைவாக (ஒவ்வொன்றுக்கும் தனி எண்) வைப்பதா, ரேண்டமாகவா (எல்லாம் ஒரே பரவலிலிருந்து வந்தவை என்று)? மையங்கள் சில, ஒவ்வொன்றிலும் ஆட்கள் நிறைய என்றால் முதலாவது. மையங்கள் நிறைய, சிலவற்றில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் இரண்டாவது. கிராஸ்ஓவரில், அதாவது ஒரே நோயாளி சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறும் ஆய்வில், ஒரு கட்டத்தை மட்டும் முடித்தவரின் தகவலையும் ரேண்டம் நோயாளி விளைவு மீட்டெடுக்கும், ஆனால் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் சொற்பம். உயிரிச் சமநிலை ஆய்வென்றால் (இரு தயாரிப்புகளின் மருந்து உடலில் ஒரே மாதிரி சேர்கிறதா என்று பார்ப்பது) ஐரோப்பிய மருந்து முகமையின் 2010 வழிகாட்டி எல்லா விளைவையும் நிலையானதாகவே வைக்கச் சொன்னது.

திட்டத்தில் எழுத வேண்டியது

எம்எம்ஆர்எம் என்று முடிவெடுத்தால், 'மிக்ஸட் மாடல் பயன்படுத்தப்படும்' என்ற ஒற்றை வரி போதாது. புள்ளியியல் பகுப்பாய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டியவை: குழு, வருகை, இரண்டின் ஊடாட்டம், தொடக்க அளவும் அது வருகையோடு கொள்ளும் ஊடாட்டமும், ரேண்டமைஸ் செய்யப் பயன்பட்ட அடுக்குகள் (வயது, மையம் போன்ற பிரிவுகள்), ஆர்இஎம்எல் மதிப்பீடு (மாறுபாடுகளைச் சாய்வு குறைத்து மதிப்பிடும் முறை), எந்த வருகையின் எந்த ஒப்பீடு முதன்மை. டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடத்துக்குக் (சோதனைக்கு எவ்வளவு தகவல் இருக்கிறது என்ற எண்) கென்வர்ட்–ரோஜர் (1997) முறை சிறிய ஆய்வில் கட்டாயம் என்பேன். 500 பேர் இருக்கும் ஆய்வில் சாட்டர்த்வெயிட் முறை போதும், வேகமாகவும் முடியும்.

வடிவமற்ற அணி பொருந்தாவிட்டால் அடுத்து எது என்ற வரிசையும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட வேண்டும். மாறுபாடு வருகைக்கு வருகை வேறுபடும் டோப்ளிட்ஸ் (ஒட்டுறவு வருகைகளின் இடைவெளியை மட்டும் பொறுத்தது), பிறகு அதே வகை ஏஆர்(1) (இடைவெளி கூடக்கூட ஒட்டுறவு ஒரே விகிதத்தில் குறையும்), கடைசியாகக் காம்பவுண்ட் சிமெட்ரி (எல்லா ஒட்டுறவும் ஒன்றே) என்று இறங்குவது வழக்கம். எளிய அணிக்கு இறங்கும்போது அது தவறாக இருக்கக்கூடும் என்பதால் திட்டப்பிழைக்குச் சாண்ட்விச் மதிப்பீட்டைச் சேர்ப்பார்கள். அப்போது கென்வர்ட்–ரோஜர் கூட வராது. அதையும் திட்டத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தரவு திறந்த அன்று புரோகிராமர்தான் முடிவெடுப்பார்.

கூடவே ஓர் உணர்திறன் பகுப்பாய்வு. மருந்துக் குழுவில் விலகியவர்களின் நிரப்பிய அளவை ஒவ்வொரு புள்ளியாக மோசமாக்கிக்கொண்டே போய், எந்த இடத்தில் முடிவு புரள்கிறது என்று பார்ப்பது. 1 புள்ளியிலேயே புரண்டால் முடிவு மெலிந்தது. 8 புள்ளி வரை நின்றால், விலகியவர்கள் அவ்வளவு மோசமாகியிருப்பார்களா என்ற கேள்வியை அந்த நோயைப் பார்க்கும் மருத்துவரிடம் கொடுத்துவிடலாம்.